வானலையில் பெயர் சொல்வதெல்லாம் கண்டுபிடிப்பாகிவிடுமா? காப்புரிமைப் பதிவாளருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
காப்புரிமைப் பதிவாளர் அவர்கள்,
நிறுவனங்கள் மற்றும் அறிவுசார் சொத்துரிமை ஆணையம்,
பிரிட்டோரியா.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் தண்ணீர் மீட்டர்களின் அளவைக் கம்பியில்லாமல் வாசித்து அனுப்பும் சிறு கருவிகளைச் செய்து விற்கும் பட்டறை ஒன்றில் ரேடியோப் பிரிவைக் கவனித்து வருகிறேன். இம்மடலின் ஆங்கில வடிவம் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பப்பட்டுள்ளது. நம் தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் ஆறாம் பிரிவு பேணி மதிக்கச் சொல்லும் மொழிகளின் வரிசையில் தமிழும் இருப்பதாலும், இத்தொழிலில் இருக்கும் நம்மவர் பலருக்கு இச்சிக்கல் வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகே தெரியவருவதாலும், தமிழ் வடிவத்தைப் பொதுவில் வைக்கிறேன்.

எங்களுக்கும் அப்படி ஒரு நோட்டீஸ் வந்தது. அனுப்பியவரின் பெயர் இங்கே தேவையில்லை. அவர் கையிலிருப்பது தங்கள் பதிவேட்டில் ஏறிய ஒரு காப்புரிமை, முன்னுரிமை நாள் (புதுமையை அளக்கக் கணக்கில் கொள்ளும் நாள்) 2010க்குப் பிந்தையது. அதன் முதல் கோரிக்கையை (எதற்கு உரிமை என்று வரையறுக்கும் வாசகத்தை) சட்ட நடையிலிருந்து பிரித்தெடுத்துச் சொன்னால் இவ்வளவுதான்: நிரந்தர முகவரி கொண்ட பல கருவிகள் ஒரு நிலையத்தோடு பேசும்போது, நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுகிய தற்காலிக அடையாளம் வழங்குகிறது, பின்னர் அனுப்பும் செய்தியின் பிழைச்சோதனை பிட்டுகளோடு (செய்தி வழியில் கெட்டதா என்று பார்க்கச் சேர்ப்பவை) அந்த அடையாளத்தைக் கலந்துவிடுவதால், உரிய கருவி மட்டுமே அச்செய்தியைத் தன்னுடையதென்று அறிகிறது. இதைச் செய்யும் மீட்டர் எதுவானாலும் கப்பம் கட்ட வேண்டும் என்கிறார்கள்.

ஏன் எல்லோரும் இதைச் செய்கிறோம் என்பதை எங்கள் மீட்டரை வைத்தே சொல்கிறேன். மாத அளவைச் சொல்ல நான்கு பைட் போதும். ஆனால் கருவியின் நிரந்தர முகவரி 48 பிட், அதாவது ஆறு பைட். சொல்ல வந்த சேதியைவிடச் சொல்பவரின் பெயர் நீளமாகிவிடுகிறது. மின்கலம் பல ஆண்டுகள் தாங்க வேண்டிய கருவியில், பெயரைச் சுருக்குவது எந்தப் பொறியாளருக்கும் முதல் நாளே தோன்றும் வேலை. சுருக்கினால் என்ன இடர் வரும் என்பதும் எல்லோரும் அறிந்ததே. முன்கட்டண மின்சார மீட்டர்களில் டோக்கனை (மின்சாரம் வாங்கும்போது கிடைக்கும் எண்ணை) அடையாளங்காண 24 பிட் மட்டும் ஒதுக்கி, 1993 ஜனவரி முதல் நாளிலிருந்து நிமிடங்களை எண்ணி வந்தார்கள். அந்த எண் 2024 நவம்பர் 24 அன்று தீர்ந்துபோனது. அதற்குமுன் நாடெங்கும் வீடு வீடாக இருபது இலக்க எண்கள் இரண்டை மீட்டரில் தட்ட வேண்டியிருந்ததைச் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சுருக்கப் பெயரின் வரலாறும் பழையது. ஜிஎஸ்எம் (2ஜி) கைப்பேசி வலையமைப்பு 15 இலக்கச் சந்தாதாரர் எண்ணை அடிக்கடி வானில் விடாமல், 32 பிட் தற்காலிக அடையாளத்தைப் பயன்படுத்தியது. 1997இல் வெளியான முதல் வைஃபை தரநிலை, இணைந்த ஒவ்வொரு கருவிக்கும் 1 முதல் 2007 வரையிலான ஓர் எண்ணைக் கொடுத்து, யாருக்குச் செய்தி காத்திருக்கிறது என்பதை அந்த எண்ணுக்குரிய ஒரே பிட்டால் அறிவித்தது.

பிழைச்சோதனையோடு கலப்பதுதான் சற்று நுட்பமானது. எனவே அதை விரிவாகச் சொல்கிறேன். அனுப்புபவர் செய்தியிலிருந்து 16 பிட் சோதனை எண் ஒன்றைக் கணித்து, அதன் மேல் பெறுபவரின் 16 பிட் அடையாளத்தைப் பிட்டுக்குப் பிட் கலந்து அனுப்புகிறார். கேட்கும் ஒவ்வொரு கருவியும் தன் அடையாளத்தைக் கொண்டு அந்தக் கலப்பைப் பிரித்துப் பார்க்கிறது. சோதனை சரியாக வந்தால் செய்தி தனக்குரியது. வராவிட்டால் பிறருக்குரியது, அல்லது வழியில் கெட்டுப்போனது. முகவரிக்கென்று ஒரு பிட் கூட வானில் செலவாகவில்லை. இந்த முறை 2002இல், கைப்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் ஐந்தாம் வெளியீட்டில், அதிவேகத் தரவுச் சேவையின் கட்டுப்பாட்டுத் தடத்திலேயே இருக்கிறது. 4ஜி எனப்படும் எல்டிஇ அதை அப்படியே எடுத்துக்கொண்டது. இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு வழியை 1999இலேயே புளூடூத் கையாண்டது: சோதனைக் கணக்கைத் தொடங்கும்போதே தலைமைக் கருவியின் முகவரியில் ஒரு பகுதியை விதையாக இட்டுவிடும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1978ஆம் ஆண்டின் 57ஆம் எண் காப்புரிமைச் சட்டம், 25(10) பிரிவில், துறையில் தேர்ச்சி பெற்ற ஒருவருக்கு எளிதில் புலப்படாததே கண்டுபிடிப்புப் படி என்கிறது. அவருக்குத் தெரிந்ததாகக் கொள்ள வேண்டிய அறிவு, 25(6) பிரிவின்படி, இந்நாட்டில் மட்டுமல்லாது உலகில் எங்கு பொதுமக்கள் முன் வைக்கப்பட்டதாயினும் அதையும் உள்ளடக்கும். என்சைன்-பிக்ஃபோர்டு வழக்கில் நம் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்கு கேள்விகளை வகுத்துத் தந்திருக்கிறது: சொல்லப்படும் படி எது, அந்த நாளில் அது குறித்து ஏற்கெனவே இருந்த அறிவு எது, இரண்டுக்கும் வேறுபாடு எது, அந்த வேறுபாட்டைத் தாண்டுவது தேர்ச்சி பெற்றவருக்கு எளிதில் தோன்றியிருக்குமா. எங்களுக்கு வந்த காப்புரிமையை இந்தக் கேள்விகளின் முன் நிறுத்தினால், மூன்றாவதற்கு எனக்குக் கிடைக்கும் விடை, கைப்பேசி இருந்த இடத்தில் மீட்டர் இருக்கிறது என்பது மட்டுமே. நான்காவதற்குப் போக வேண்டிய அவசியமே எழுவதில்லை.

வெளிநாட்டுத் தீர்ப்புகளும் இதே திசையில்தான் இருக்கின்றன. 2002இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு அவை தீர்த்த காம்விக் வழக்கு, ஒரே சிம் அட்டையில் இரண்டு அடையாளங்களை வைத்து அலுவலக அழைப்புக்கும் சொந்த அழைப்புக்கும் செலவைப் பிரிப்பது பற்றியது. செலவைப் பிரிப்பது தொழில்நுட்ப நோக்கமன்று, அதைக் கொடுக்கப்பட்ட தேவையாக வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் எடைபோட வேண்டும் என்றது அவை. மிச்சத்தில் கண்டுபிடிப்பு எதுவும் தங்கவில்லை. 2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், தெரிந்த உறுப்புகளைத் தெரிந்த முறையில் சேர்த்து எதிர்பார்த்த பலனையே பெறுவது பெரும்பாலும் எளிதில் புலப்படுவதே என்றது.

முடிந்த பின் பார்த்தால் எல்லாமே எளிதாகத் தெரியும் என்பதை மறுக்கவில்லை. பிழைச்சோதனையில் முகவரியை முதன்முதலில் மறைத்தவர் காப்புரிமை கேட்டிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். 2018இல் 5ஜி தரநிலை, நிரந்தர அடையாளத்தைச் சொந்த வலையமைப்பின் பொதுத் திறவியால் (எவரும் பூட்டலாம், உரியவர் மட்டுமே திறக்கலாம்) மறைத்து அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. போலிக் கோபுரம் வைத்து அடையாளத்தைத் திருடலாம் என்பது அதற்கு வெகு முன்பே தெரிந்திருந்தும் அதுவரை தீர்வு நடைமுறைக்கு வரவில்லை. அதில் எது எளிது, எது எளிதன்று என்று கேட்டால் நானே தயங்குவேன். தயங்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்பதுதான் என் முறையீடு.

இன்று அப்படி யோசிப்பவர் எவரும் இல்லை. தங்கள் அலுவலகம் படிவமும் கட்டணமும் சரியா என்று பார்க்கிறது, காப்புரிமை வழங்கிவிடுகிறது. செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டிய டாபஸ் விண்ணப்பத்துக்கு 2021 ஜூலையில் இங்கே காப்புரிமை கிடைத்ததும், அதே விண்ணப்பத்தைப் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023இல் தள்ளியதும் உலகறிந்தவை. 2018இல் அமைச்சரவை ஏற்ற அறிவுசார் சொத்துரிமைக் கொள்கை, உள்ளடக்கத் தேர்வு (கண்டுபிடிப்பு உண்மையில் புதியதா, எளிதில் புலப்படாததா என்று ஆராய்வது) வர வேண்டும் என்கிறது. மருந்துத் துறைக்கு முதலிடம் தருகிறது. உயிரோடு தொடர்புள்ள துறைக்கு முதலிடம் தருவது முறைதான். கம்பியில்லாத் தொடர்புக்கு அடுத்த இடம் தாருங்கள் என்று கேட்கிறேன். அந்தத் தேர்வுக்கு வரும் அலுவலர்கள் காப்புரிமைத் தரவுத்தளங்களை மட்டும் தேடினால் போதாது. இத்துறையில் முந்தைய அறிவின் பெரும்பகுதி 3ஜிபிபி கூட்டங்களுக்கு நிறுவனங்கள் கொண்டுவந்த ஆவணங்களில் கிடக்கிறது. அவை யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியவை. ஐரோப்பிய அலுவலகம் தரநிலை ஆவணங்களைத் தன் தேடல் தொகுப்பிலேயே சேர்த்து வைத்திருக்கிறது.

தேர்வு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் ஒன்று உண்டு. இங்கே விண்ணப்பிப்பவர், அதே கண்டுபிடிப்புக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிடைத்த தேடல் அறிக்கைகளையும் அங்கே இறுதியில் ஏற்கப்பட்ட கோரிக்கைகளையும் தங்களிடம் தர வேண்டும், அவை பதிவேட்டில் எவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். எங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியவர் ஐரோப்பாவில் தன் கோரிக்கையைப் பாதியாகச் சுருக்கிக்கொண்டுதான் காப்புரிமை பெற்றார். இங்கே பழைய அகலத்தோடு அது நிற்கிறது. சட்டப்படி எவரும் நீக்க மனு போடலாம் என்பது உண்மையே. ஆனால் பிரிட்டோரியாவில் காப்புரிமை ஆணையர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் செலவைக் கேட்ட மாத்திரத்தில், சிறு பட்டறைகள் கப்பம் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கின்றன. எங்கள் பங்காளிகளிலும் ஒருவர் அதைத்தான் சொல்கிறார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனவே, மூன்றாம் தரப்பினர் முந்தைய ஆவணங்களைச் சுட்டி எழுதும் குறிப்புகளைக் கட்டணமின்றிப் பெற்று, உரிய காப்புரிமைக் கோப்பிலேயே வைக்கும் வழி ஒன்றையும் திறந்துவிடுங்கள். ஐரோப்பிய அலுவலகத்திலும், 2012 முதல் பன்னாட்டு விண்ணப்பங்களிலும் இத்தகைய குறிப்புகள் ஏற்கப்படுகின்றன. அந்த விதி வந்தால், மேலே சொன்ன புளூடூத், 3ஜிபிபி ஆவணங்களைப் பக்க எண்ணோடு தொகுத்து முதல் குறிப்பாகத் தர எங்கள் பட்டறை ஆயத்தமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு ரேடியோப் பொறியாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.