மச்சான், உன் லில்லி பூத்துவிட்டது

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் தோட்டத்தில் இறங்கிவிட்டாய் என்று படித்தபோது பெரிய ஆறுதல். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. அந்த விபரமெல்லாம் அவளே போனில் சொல்லுவாள், தன் வாயால் உனக்குச் சொல்லவேண்டுமாம். இன்றைக்கு நான் எழுதுவது லில்லிக்காக. காலையில் பூத்துவிட்டது!

மூன்று வருடத்துக்கு முன் நுவரெலியாவில் உன் வீட்டுப் படலையடியில் நின்று பழைய பேப்பரில் சுற்றித் தந்தாயே ஐந்து கிழங்கு, அதிலேதான். முதல் வருடம் ஐந்தும் பூத்ததை உனக்கு எழுதியிருந்தேன். அடுத்த வருடம் நடந்ததை எழுதவில்லை. இலை மட்டும் வந்தது, மொட்டே இல்லை. எருப் போட்டேன், தண்ணீர் கூட்டினேன், சாடியை வெயிலுக்கு மாற்றினேன். மே மழையில் இரண்டு கிழங்கு அழுகிப்போனது. நீ தந்ததைச் சாகவிட்டுவிட்டேனே என்ற கவலையில்தான் உனக்குச் சொல்லவில்லை.

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. லில்லிக் கிழங்கு ஆறு, எட்டு வாரமாவது 5 பாகை அளவிலான குளிரில் கிடக்கவேண்டும். இல்லாவிட்டால் பூ வராது. உன் ஊர் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தை மாதத்தில் புல்லில் உறைபனி விழுகிற இடம். இங்கே வருடச் சராசரியே 27 பாகைக்கு மேல், இரவிலும் வியர்க்கிறது. முதல் வருடம் பூத்தது என் கைராசியால் அல்ல மச்சான், உன் மண்ணில் வாங்கிவந்த குளிரால்.

அதனால் மிச்சம் மூன்றையும் இலை நன்றாக மஞ்சளாகும்வரை விட்டுத் தோண்டி எடுத்து, லேசான ஈரமுள்ள தும்புத்தூளில் புதைத்து, ஓட்டை போட்ட பொலித்தீன் பையில் கட்டிப் பிரிட்ஜின் மரக்கறித் தட்டில் வைத்தேன். வெங்காயத்துக்கு இருக்கிற மேல்தோல் லில்லிக் கிழங்குக்கு இல்லையே. பூண்டுப் பல் மாதிரிச் செதில் செதிலாக வெளியே தெரிகிறது, சும்மா வைத்தால் காய்ந்துபோகும். பக்கத்தில் அப்பிள், மாம்பழம் வைக்கவும் கூடாது. பழம் விடுகிற எதிலீன் வாயு உள்ளே இருக்கிற மொட்டைக் கெடுத்துவிடும். அந்த எட்டு வாரமும் வீட்டில் பழமெல்லாம் மேசையில்தான். மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நடும்போதும் முந்தி விட்ட பிழையைத் திருத்தினேன். அகலமான, ஆழமில்லாத சாடியில் மேலாக நட்டிருந்தேன். லில்லிக்குக் கிழங்கின் அடியில் மட்டுமல்ல, கிழங்குக்கு மேலே தண்டிலும் வேர் விடும். அதற்கு மண் வேண்டாமா? இந்த முறை ஓரடிக்கு மேல் ஆழமுள்ள சாடி. கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழத்தில் வைத்தேன். மண்ணோடு ஆற்றுமணலும் தும்புத்தூளும் கலந்ததால் தண்ணீர் நிற்பதில்லை. சாடிக்கு அடியில் வைக்கிற தட்டை எடுத்தே விட்டேன். இங்கே டெங்குக்குப் பயந்து எல்லாரும் அந்தத் தட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள், கிழங்கு அழுகுவதற்கும் அதுதான் காரணம். பால்கனியில் பத்து மணிவரை வெயில் படும், பிறகு நிழல். வேர்ப்பக்கம் சூடாகாமல் இருக்கச் சாடிக்கு முன்னால் கற்பூரவள்ளித் தொட்டியை நகர்த்தி வைத்திருக்கிறேன். உனக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை, நிலத்தில் புதைத்துவிட்டுப் போய்விடுகிறாய்.

சரி, ஒன்று முக்கியம். உன் பேத்தி பூனை வளர்க்கத் தொடங்கியிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். லில்லி பூனைக்கு நஞ்சு. இலையையோ பூவையோ கடித்தாலும், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூவைப் போட்டுவைத்த தண்ணீரைக் குடித்தாலும் சிறுநீரகம் போய்விடும். மேல்மாடிப் பிள்ளையின் பூனை எங்கள் பால்கனிக்கு வந்துபோகும் என்பதால் நான் இப்போது கதவுக்கு வலை அடித்துவிட்டேன். பூவை வெட்டி வீட்டுக்குள் வைக்காதே, பூனை நடமாடுகிற பக்கம் இருக்கிற கிழங்குகளை வேலிப்பக்கம் மாற்று. தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதே.

பூ எப்படி என்று கேட்பாய். ஒரே தண்டில் மூன்று மொட்டு, அதில் ஒன்று விரிந்திருக்கிறது. நல்ல வெள்ளை, உள்ளே அடியில் மட்டும் இளம்பச்சை. நேற்றிரவு பதினொரு மணிக்குக்கூட மூடித்தான் இருந்தது. விடிய மனைவி தேத்தண்ணியோடு போனவள் அங்கேயே நின்று என்னைக் கூப்பிட்டாள். காலி வீதி பஸ் இரைச்சலுக்கு நடுவில், கடல் உப்புக்காற்றில், உன் வீட்டு முற்றத்து வாசம். பேராதனையில் நாம் படித்த காலத்தில் பூங்காவுக்குள் நீ பூவைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் அவசரப்படுத்துவேனே, ஞாபகமிருக்கிறதா? இன்று நான் ஒரு மணித்தியாலம் நின்றேன்.

மற்ற இரண்டு கிழங்கும் இலையோடு நிற்கிறது. இலை காய்ந்ததும் மூன்றையும் உனக்கு அனுப்புகிறேன், ஒரு வருடம் உன் மண்ணில் கிடந்து தேறட்டும். பிரிட்ஜ் குளிர் பூக்க வைக்கிறது, ஆனால் கிழங்கு முன்னையவிடச் சிறுத்துவிட்டது. அதோடு பத்து மழை லில்லிக் கிழங்கும் வரும். மழை பெய்து நாலைந்து நாளில் இங்கே சாடி நிறைய வெள்ளையாகப் பூக்கிறது, பிரிட்ஜும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். உன் குளிரில் எப்படி வருகிறதென்று பார்த்து எழுது.

மூன்றாவது மொட்டு விரிய இன்னும் நாலு நாளாகும். கண் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றாயே, அதை இந்தக் கிழமையே வைத்துக்கொள்ளேன். அறை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
உன் மச்சான்