அப்பாவின் மெஷின்

அன்புள்ள செந்திலுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். சரி, உனக்கு வேலை இருக்கும். பிரித்துப் பார்த்தால், அப்பா தூங்கும்போது மூச்சுக்குப் போட்டுக்கொள்கிற பைபாப் மாஸ்க்கை ஓசோன் விட்டுச் சுத்தம் செய்கிற மெஷின். என்ன விலையோ! டாக்டரிடம் கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறதாம். அந்த வாயு டியூபில் தங்கிவிட்டால் நுரையீரலுக்கு எரிச்சல். கோபித்துக்கொள்ளாதே. அக்கறை இல்லாதவன் இதைத் தேடிப் பிடித்து வாங்க மாட்டான், எனக்குத் தெரியாதா? ஆனால் கூரியர்காரன் குரலைத்தான் கேட்க முடிந்தது, உன் குரலைக் காணோம்.

சோப்பும் தண்ணீரும் போதும் என்கிறார் டாக்டர். காலையில் அப்பா மாஸ்க்கைக் கழற்றியதும், காற்றை ஈரமாக்குகிற ஹ்யூமிடிஃபயர் டப்பாவில் மிச்சம் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். மிச்சத்தின் மேலேயே புதுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. மாஸ்க்கின் மடிப்பில் முகத்து எண்ணெய் வழவழவென்று படிந்திருக்கும். பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ஒரு சொட்டு விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் விரலாலேயே தேய்ப்பேன். டெட்டால் கிட்டால் எதுவும் கிடையாது. டியூபுக்கு ஞாயிற்றுக்கிழமை குளியல். அதுதான் பெரும்பாடு. இந்த மழையில் துணியே காய்வதில்லை, சுருள் சுருளாக இருக்கிற டியூப் எங்கே காயும்? மொட்டை மாடி வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் கெட்டுவிடும். ஊஞ்சல் கொக்கியில் இரண்டு முனையும் கீழே தொங்குகிற மாதிரி மாட்டி ஃபேனைப் போடுகிறேன். அப்படியும் வளையங்களுக்குள் ஒரு சொட்டு ஒளிந்திருக்கும். மெஷினில் மாட்டிக் கொஞ்ச நேரம் காற்றை ஓடவிட்டால் அதுவும் போய்விடும். ஈரம் நின்றால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

தண்ணீர், மருந்துக் கடையில் வாங்கும் டிஸ்டில்டு வாட்டர்தான். குரோம்பேட்டை போர் தண்ணீரை ஊற்றினால் இரண்டே நாளில் டப்பா வெள்ளை பூத்துவிடும். நான் கோயிலுக்குப் போயிருந்தபோது உன் அத்தை கேன் தண்ணீரை ஊற்றிவிட்டார். 'நாமெல்லாம் குடிக்கிறதுதானே' என்றார். வயிற்றுக்குப் போகிறதும் நெஞ்சுக்குப் போகிறதும் ஒன்றா? அத்தைக்கு எதையும் யோசிக்காமல் செய்கிற வழக்கம், பேசுகிறதும் அப்படித்தான். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டால் குடும்பம் நடத்த முடியுமா?

அப்பாவைப் பார்த்தால் நீ ஆச்சரியப்படுவாய். மாஸ்க் என்றாலே மூச்சு முட்டுகிறது என்று பிய்த்து எறிந்த மனுஷன், இப்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தானே மாட்டிக்கொள்கிறார். தினசரி காலண்டர் தாளில் 'ஆக்ஸிஜன் 91, சளி வெள்ளை' என்று குறித்து வைக்கிறார். ரயில்வே கணக்கு எழுதிய கை, சும்மா இருக்குமா? 88லிருந்து 92க்குள் இருந்தால் அவருக்குப் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். 95 வேண்டும் என்று நாமாக, ஆக்ஸிஜன் கொடுக்கிற கான்சென்ட்ரேட்டரைத் திருகிக் கூட்டக் கூடாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், மூச்சு அதிகமாக இழுத்தால், உடனே போன் செய்யச் சொல்லியிருக்கிறார்.

தீபாவளிக்கு வந்தபோது குழந்தை முகிலுக்கு மூக்கு ஒழுகியது உண்மைதான். அதே வாரம் பால்காரர் லொக்கு லொக்கு என்று இருமினார். அப்பாவும் சொன்ன பேச்சைக் கேட்காமல் பாங்க் வரிசையில் நின்றுவிட்டு வந்தார். அப்பாவுக்கு எதிலிருந்து தொற்றியது என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்ததும் அப்பா கேட்டது, 'முகிலுக்குச் சளி விட்டுதா?' என்றுதான். கவிதா அவ்வளவு தூரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பற்றி இந்த வீட்டில் நானோ அப்பாவோ ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. அதை நீ நம்ப வேண்டும்.

நீங்கள் மூவரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வருடா வருடம் போட வேண்டியது. உடம்பில் பிடிக்க இரண்டு வாரம் ஆகும், அதனால் கடைசி நேரத்துக்கு வைக்காதே. எங்கள் இருவருக்கும் போட்டாகிவிட்டது. அப்பாவுக்கு நிமோனியா ஊசியும் ஆயிற்று. வந்ததும் கை கழுவினால் போதும். யாருக்காவது தொண்டை கரகரத்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு ஹாலில் படுக்கலாம். காய்ச்சலாகவே இருந்தால் குணமான பிறகு வாருங்கள். தள்ளி வருவது வேறு, வராமலே இருப்பது வேறு. கை மட்டும் கழுவ வேண்டும், அவ்வளவுதான். போகிப் புகைதான் எனக்குப் பயம். அன்றைக்கு விடியற்காலையிலேயே ஜன்னலைச் சாத்திவிடுவேன், மற்ற நாள் எல்லாம் திறந்தே இருக்கும்.

பொங்கல் டிக்கெட் எல்லாம் பறக்கிறது என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். சார்மினார் எக்ஸ்பிரஸில் வந்தால் தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம், சென்ட்ரலிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். டிக்கெட் போட்டுவிட்டு எனக்கு ஒரு போன் செய். மெசேஜ் வேண்டாம், போன்.

அப்புறம், உன் அத்தை இந்தப் பொங்கலுக்குத் திருச்சியில் மகள் வீட்டுக்குப் போகிறார். கவிதாவிடம் சொல்லிவிடு.

அம்மா