வெடித்த டேஷ்போர்டும் மேஜரின் தீர்ப்பும்

அன்புள்ள செல்வா,

இத்தனை நாள் பதில் போடாததற்கு முதலில் திட்டிவிடு, அப்புறம் படி. இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

பழைய காரின் டேஷ்போர்டு வெடித்துவிட்டது. "விற்றுத் தொலையேன்" என்று நீ முணுமுணுப்பது காதில் விழுகிறது. விற்க மாட்டேன். ஸ்பீக்கர் ஓரத்தில் மயிரிழையாகத் தொடங்கிய விரிசலில் இப்போது விரல் நுழைகிறது. உள்ளேயிருக்கும் மஞ்சள் ஃபோம் தொட்டாலே பொடியாக உதிர்கிறது. மேல் தோல் வினைல். அதை மிருதுவாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் வெயில் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போக, தோல் சுருங்கி விறைத்து வெடிக்கிறது. முன்கண்ணாடியின் உள்பக்கம் ஒரு மங்கலான பசை படியுமே, அதில் ஒரு பங்கு இதுதான். வருஷக்கணக்காக நான் துணியால் துடைத்துப் போட்டது டேஷ்போர்டின் உயிரை!

மேஜர் வந்தார், வழக்கம்போல உட்காருவதற்கு முன்பே தீர்ப்பு: "கார்பெட் உறை போடு." சுலபம்தான், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். ஆனால் அவர் சிபாரிசு செய்தது வெளிர் நிறம்! பகலில் அது அப்படியே முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும், சாலை தெரியாது. கறுப்பு, பளபளப்பில்லாதது என்றால் சரி. அவரிடம் யார் சொல்வது?

நான் வாங்கியது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் அச்சு வார்த்த மூடி. என் கார் மாடலுக்கென்றே செய்தது, பழையதன் மேலேயே உட்காரும். ஒட்டுவதற்கு முன் வைத்துப் பார்த்தேன், ஒரு மூலை ஆடியது. வெடிப்பின் விளிம்புகள் மேல்நோக்கிச் சுருண்டிருந்ததுதான் காரணம். பிளேடால் சீவி, உப்புத்தாள் போட்டு மட்டமாக்கியதும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. கண்ணாடிக்குக் காற்று வீசும் துவாரங்களும் சரியாகப் பொருந்துகின்றன. அவை அடைபட்டால் மழையில் கண்ணாடி பனிமூட்டம் பிடித்துவிடும். இனி பழைய பாலிஷ் பிசுக்கை ஆல்கஹால் வைத்துத் துடைத்து, சிலிக்கோன் பசை தடவ வேண்டியதுதான். பிசுக்கு மிச்சமிருந்தால் பசை பிடிக்காது.

இதைப் படித்துவிட்டு உன் காருக்கும் ஒன்று வாங்கக் கிளம்பிவிடாதே. விளையாட்டாகச் சொல்லவில்லை. என்னுடையது ஏர்பேக் வருவதற்கு முந்தைய வண்டி. உன்னுடையதில் பக்கத்து சீட்டுக்கு எதிரே, டேஷ்போர்டுக்குள்ளேயே ஏர்பேக் இருக்கிறது. மோதினால் கண் இமைப்பதற்குள் அது டேஷ்போர்டின் அந்தப் பகுதியைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். மேலே எதையாவது ஒட்டிவைத்தால் பை சரியாக விரியாது, இல்லையென்றால் ஒட்டிய பிளாஸ்டிக்கே முகத்தில் பாயும். அந்த சீட்டில் யார் உட்காருவார் என்று உனக்குத் தெரியும். அந்த இடத்தை விட்டுவிட்டுச் செய்த உறை கிடைத்தால் போடு, இல்லையென்றால் விரிசலோடேயே ஓட்டு.

பசை இறுக ஒரு நாள் முழுக்க ஆகுமாம், அதுவரை மூடி அசையக்கூடாது. ஒட்டுகிற அன்று வந்துவிடு. அழுத்திப் பிடிக்க ஆள் வேண்டும், உன் எடைக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி இருக்கும். மேஜரிடம் நாளைச் சொல்லிவிடாதே.

உன்,
ரகு