ஆள் வருகிறார்கள், நிற்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி முடிந்த கையோடு "திருப்பூரில் ஆள் பற்றாக்குறை" என்று வருஷா வருஷம் ஒரு செய்தி போடுகிறீர்கள். இரண்டு முதலாளிகள் பேசியிருப்பார்கள், ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை, ஆர்டர் தேங்கிக் கிடக்கிறது என்று. கூடவே பூட்டிக் கிடக்கும் ஒரு பவர் டேபிள் (வரிசையாகத் தையல் மிஷின் போட்ட மேஜை) படம். தப்பில்லை, அதுவும் நடப்பதுதான். ஆனால் நான் ஒரு பனியன் கம்பெனியில் ஆள் வருகை, சேர்க்கை, விலகல் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசில் உட்கார்ந்திருப்பவன் (இப்போது கதவில் 'எச்.ஆர்.' என்று போர்டு மாற்றிவிட்டார்கள், வேலை என்னவோ அதேதான்), என் மேஜையிலிருந்து பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. ஆள் வருகிறார்கள். நிற்பதில்லை.

கம்பெனியில் மொத்தம் எத்தனை பேர் என்று முதலாளி கேட்டால் போன வருஷமும் இந்த வருஷமும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையைத்தான் சொல்வேன். கேட்டு நிம்மதியாகி விடுவார். அந்த எண்ணிக்கையைக் காப்பாற்ற நடுவில் எத்தனை பேரை எடுத்து எத்தனை பேரை இழந்தோம் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. என் மேஜையின் கீழ் டிராயரில் ஐ.டி. கார்டுகள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்கட்டாக இருக்கின்றன. பாதிப் பேரின் முகம் எனக்கே ஞாபகம் இல்லை, ஏனென்றால் அவர்கள் ஒரு மாதம்கூட இருக்கவில்லை. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் திங்கள்கிழமை சேர்ந்து வியாழக்கிழமை டீ டைமில் வெளியே போனவர்தான், டிபன் பாக்ஸ் மூன்று மாதம் என் அலமாரியில் இருந்தது. கழிவறை எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே என்று முதல் நாள் அவருக்குப் புரியும் பாஷையில் யாரும் சொல்லவில்லை என்பது பிறகு அதே ஹாஸ்டலில் இருந்த இன்னொரு பெண் சொல்லித்தான் தெரிந்தது. அவரைக் கூட்டி வந்த ஏஜென்ட்டுக்குக் கமிஷன் மட்டும் சேர்ந்த அன்றே போய்விட்டது.

சம்பளம் பத்து இருபது ரூபாய் கூடக் கிடைத்தால் ஓடிவிடுகிறார்கள், விசுவாசம் இல்லை என்பது முதலாளிமார் வழக்கமாகச் சொல்வது. சில பேர் அப்படித்தான் போகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் காங்கேயம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஓவர்லாக் டெய்லர் அக்கா ஒருவர், எங்களிடம் பல வருஷம் இருந்தவர், திடீரென்று அடுத்த தெருக் கம்பெனிக்குப் போனார். "நாளுக்கு இருபது ரூபாய்க்காகப் போய்விட்டாள்" என்று முதலாளி ஒரே வரியில் முடித்துவிட்டார். பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது நான் கேட்டேன். "சம்பளத்துக்குப் போகலீங்க தம்பி. புள்ளைய ஹாஸ்டல்ல சேக்க ரெண்டு நாள் லீவு போட்டேன், வந்து பாத்தா என் மிஷின்ல வேற ஆளு. சூப்பர்வைசர்கிட்டக் கேட்டா, மிஷின் என்ன உன் வீட்டுச் சொத்தான்னுட்டாரு" என்றார்.

வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். அந்த அக்கா பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலிக்கு, தைப்பவர். தான் எண்ணெய் விட்டு, டென்ஷன் சரி பண்ணி, சத்தத்தை வைத்தே ஊசி மாற்றும் நேரத்தைக் கண்டுபிடிக்கும் மிஷினை எடுத்துவிட்டு, நூல் அறுந்துகொண்டே இருக்கும் ஒன்றைக் கொடுத்தால் சனிக்கிழமை சம்பளக் கவரில் தெரிந்துவிடும். ஆக, காசுதான் காரணம் என்று முதலாளி சொன்னது ஒரு வகையில் சரி, காசு எங்கே குறைந்தது என்பதுதான் அவருக்குத் தெரியாது. அக்கா போன பிறகு நடந்ததையும் சொல்கிறேன். டி-சர்ட் என்பது ஒரு ஆள் முழுசாகத் தைப்பதில்லை. ஷோல்டர், கழுத்து, கை, சைடு, கீழ் மடிப்பு என்று கை மாறிக்கொண்டே போகும். நடுவில் ஒரு புது ஆள் தடுமாறினால் அவருக்கு முன்னால் பண்டல் குவியும், அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், செக்கிங்கில் ஆல்டர் (பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய பீஸ்) மூட்டை மூட்டையாகத் திரும்பி வரும். அந்த லைன் பழையபடி ஓட ஒன்றரை மாதம் ஆனது. இருபது ரூபாய் மிச்சம் பிடித்த கணக்கு இது.

பையர் ஆடிட் (நம்மிடம் சரக்கு வாங்குகிறவர்களின் சோதனை) வருகிறது என்பதால் விலகுகிறவர்களுக்கு ஒரு படிவம் வைத்திருக்கிறோம். "விலகும் காரணம்" என்ற இடத்தில் எல்லாவற்றிலும் "சொந்தக் காரணம்" என்றுதான் இருக்கும், எல்லாம் ஒரே கையெழுத்து. என் கையெழுத்து. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆள் போவதைவிட எனக்கு உறுத்துவது அவர்களை நாம் அனுப்பும் விதம். இந்த ஊரில் போனவர்கள் திரும்பி வருவது சகஜம். ஆறு மாதம் வேறு இடத்தில் பார்த்துவிட்டு "அண்ணா, இடம் இருக்கா" என்று கேட்டில் வந்து நிற்பார்கள், பயிற்சி தேவையில்லாத ஆள், ஏஜென்ட் கமிஷனும் கிடையாது. ஆனால் போகும்போது கடைசி வாரச் சம்பளத்தை நிறுத்தி வைத்து நாலு சனிக்கிழமை அலையவிட்டால் யார் வருவார்கள்? 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, தானாக வேலையை விட்டவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைக் கொடுத்தாக வேண்டும். பி.எஃப். கணக்கில் விலகிய தேதியைப் பதிவு செய்வது எனக்கு இரண்டு நிமிட வேலை, அது இல்லாமல் தொழிலாளி அந்தக் கணக்கை முடிக்க முடியாது. "போடாதே, அலையட்டும்" என்று அந்த அக்கா விஷயத்தில் உத்தரவு வந்தது. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனால் தொழிலாளியே ஆன்லைனில் அந்தத் தேதியைப் போட்டுக்கொள்ள வழி இருக்கிறது, எத்தனை பேருக்குத் தெரியும்? அலைந்து சலித்து, தேதி பதிவானதும் சிலர் பணத்தை மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள். பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேண்டும், பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை பார்த்த சர்வீஸ் போச்சு. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, இன்னொரு கதை. கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு இவ்வளவு என்று வரும், அதைக் கொடுக்காமல் இருக்க, ஐந்து வருஷம் நெருங்கும் ஆளை ஏதோ காரணம் சொல்லி வேலையில் பிரேக் (இடைவெளி) விடச் சொல்கிற கம்பெனிகள் உண்டு. அப்புறம் ஆள் நிற்பதில்லை என்று பேட்டி!

1913-ல் டெட்ராய்ட்டில் ஃபோர்டு கார் கம்பெனிக்கும் இதே பாடுதான், சுமார் 14,000 பேரை வேலையில் நிறுத்த அந்த வருஷம் 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஜனவரியில் நாளுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார்கள். எங்கள் ஊர்க் கூட்டங்களில் யாராவது இந்தக் கதையைச் சொன்னால் ஐந்து டாலரோடு நிறுத்திவிடுவார்கள். அதே அறிவிப்பில் வேலை நேரமும் ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைந்தது. ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் ஊரில் அந்தப் பாதி யாருக்கும் ஞாபகம் வராது.

அடுத்த முறை உங்கள் நிருபர் வரும்போது "எத்தனை ஆள் தேவை" என்று கேட்க வேண்டாம். போன தீபாவளிக்குப் பிறகு சேர்ந்தவர்களில் இன்று எத்தனை பேர் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். முதலாளிக்குத் தெரியாது, டைம் ஆபீஸுக்குத்தான் கூப்பிடுவார். சொல்கிறேன்.

அந்த அக்காவின் விலகிய தேதியை முதலாளி வெளியூர் போயிருந்த ஒரு நாளில் போட்டுவிட்டேன். அதனால் பெயர் போட வேண்டாம், போனஸ் இன்னும் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு டைம் ஆபீஸ்காரர்,
திருப்பூர்.