உன் பாட்டுப் பட்டியலைப் பார்த்தேன், பாப்பா

கிருஷ்ணகிரி,
ஆனி மாதம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ போட்ட பணம் வந்து சேர்ந்தது. போன மாதம் அனுப்பியதே அப்படியே இருக்கிறது, இந்த மாதமும் எதற்கு? அம்மாவின் முழங்காலுக்கு இப்போது தைலம் மட்டும்தான், மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். உன் செலவைக் குறைத்துக்கொண்டு இங்கே அனுப்பாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. நேரத்தோடு படு.

மா இந்த வருடம் காய்ப்பு பரவாயில்லை, விலைதான் இல்லை. கூழ் தொழிற்சாலைக்கு எடுக்கிறவர்கள் பெங்களூரா காய்க்குச் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, சித்தப்பா பறிகூலிகூடக் கட்டாது என்று பாதியை மரத்திலேயே விட்டுவிட்டார். மாங்கனிக் கண்காட்சிக்குப் பந்தல் போட ஆரம்பித்துவிட்டார்கள். மற்றபடி ஊரில் புதிதாக ஒன்றுமில்லை.

நான் எழுத உட்கார்ந்தது பாட்டைப் பற்றி. போன தடவை வந்தபோது என் போனில் பாட்டு ஆப் ஒன்றைப் போட்டு, உன் கணக்கிலேயே இணைத்துக் கொடுத்தாய் அல்லவா? நீ என்ன கேட்கிறாய் என்பது அதில் எனக்குத் தெரிகிறது. அது உனக்குத் தெரியுமோ தெரியாதோ, அதனால் சொல்லிவிடுகிறேன். ஒளிந்து பார்ப்பதாக நினைக்காதே. திறந்தாலே கடைசியாகக் கேட்ட பாட்டுகள்தான் முதலில் வந்து நிற்கின்றன.

கேசட் கடை நடத்திய காலத்தில் வந்த பழக்கம் இன்னும் போகவில்லை. ஒருவர் 60 நிமிடக் கேசட்டோ 90 நிமிடக் கேசட்டோ கொடுத்து, பதிய வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதி நீட்டுவார். தாளைப் பார்த்தாலே அந்த வீட்டில் கல்யாணமா, வளைகாப்பா, யாருக்காவது மனசு சரியில்லையா என்று எனக்குப் புரிந்துவிடும். நம் ஊரில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது என்று எல்லாப் பாட்டும் கேட்பார்கள். உருதுவில் எனக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலத் தெரியாது. ஆனாலும் பழையபேட்டை பாய் ஒருவர் கொடுத்த வரிசையைப் பார்த்துவிட்டு, "வீட்டில் எல்லாரும் நல்லா இருக்காங்களா பாய்?" என்று கேட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விளக்கு வைக்கும் நேரம் வரை பேசிவிட்டுத்தான் போனார். நீயும் அங்கேதான் இருந்தாய், ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து டெக்கின் ஹெட்டைத் துடைத்துக்கொண்டு. அவரிடம் கேட்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

உன் பட்டியலில் இருப்பதெல்லாம் பாப் பங்க் என்கிற வேகமான ஆங்கில ராக் பாட்டுகள். பர்கூரில் படித்தபோது நீ கேட்ட அதே பாட்டுகள். அப்போது கதவை மூடிக்கொண்டு கேட்பாய், அம்மா வெளியே நின்று சத்தம் போடுவாள். நான் அப்போது ஒழுங்காகக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன். நிஜமாகவே நன்றாக இருக்கின்றன, பாப்பா.

முதலில் என்னைப் பிடித்தது நீளம். ராமோன்ஸ் என்ற நியூயார்க் குழு 1976-இல் போட்ட முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, மொத்தமே 29 நிமிடம். 60 கேசட்டின் ஒரு பக்கத்திலேயே முடிந்துவிடும்! நம் சினிமாப் பாட்டு என்றால் ஒரு பக்கத்துக்கு ஆறோ ஏழோதான் ஏறும், கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்துபோய்த் திட்டு வாங்கியிருக்கிறேன். கிரீன் டே 1994-இல் கொண்டுவந்த டூக்கி ஆல்பமும் சுமார் 40 நிமிடம்தான். வாத்தியம் வாசித்துக் காட்டவென்று இந்தப் பாட்டுகளில் நேரத்தை இழுப்பதில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். யெல்லோகார்டின் ஓஷன் அவென்யூவில் வயலின் வருகிறது, அதை மட்டும் இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம் என்று தோன்றியது.

அப்புறம், கடையில் சோகப் பாட்டுக்குத் தனி அலமாரி வைத்திருந்தேன், ஞாபகம் இருக்கும். ஷெனாயில் ஆரம்பிக்கும், மெதுவாகப் போகும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைத்துவிடலாம். உன் பாட்டுகளை எந்த அலமாரியில் வைப்பது? மெட்டு குதிக்கிறது, டிரம்ஸ் ஓடுகிறது, வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்டால் அழுகை. கிட்டாரில் இவர்கள் வாசிப்பதை ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்தேன். பவர் கார்டு என்கிறார்களே, அதில் சட்ஜமமும் பஞ்சமமும் மட்டும்தான் இருக்கிறது, நடுவில் காந்தாரம் இல்லை. காந்தாரம் சேர்ந்தால்தான் அது சந்தோஷமா சோகமா என்று காதுக்குத் தெரியும். இவர்கள் அதை விட்டுவிட்டு வாசிக்கிறார்கள், பாடுகிறவரின் குரலில்தான் விஷயம் வெளியே வருகிறது. நம் பக்கம் சாவு வீட்டில் பறை அடித்து ஆடுவதைப் போலத்தான் இதுவும். துக்கம் இல்லாமலா அவ்வளவு வேகமாக அடிக்கிறார்கள்?

கிரீன் டேயின் பாஸ்கட் கேஸ் பாட்டைக் கேட்டபோது முதலில் காலால் தாளம் போட்டேன். பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் அதை எதற்கு எழுதினார் என்று பிறகுதான் படித்தேன். காரணமே இல்லாமல் திடீரென்று பயம் வந்து நெஞ்சை அடைக்கும் நோய் அவருக்கு இருந்திருக்கிறது. பேனிக் என்கிறார்கள். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று அவர் பயந்திருக்கிறார், இன்ன நோய் என்று டாக்டர் சொன்னது பல வருடம் கழித்துத்தான். அந்த மாதிரி இருந்தால் டாக்டரிடம் போவதில் ஒரு தப்பும் இல்லை, பாப்பா. பொதுவாகச் சொல்கிறேன். நம் வீட்டில் அத்தைக்கு இருந்ததும் அதுவாகத்தான் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது, எல்லாரும் கோயில் கோயிலாகத்தானே கூட்டிக்கொண்டு போனோம்?

வேக் மீ அப் வென் செப்டம்பர் எண்ட்ஸ் பாட்டை என்னால் ஒரே மூச்சில் கேட்க முடியவில்லை. அதுவும் அவருடையதுதான், 2004-இல் வந்த அமெரிக்கன் இடியட் ஆல்பத்தில் இருப்பது. அவருடைய அப்பா லாரி டிரைவர், ஜாஸ் குழுக்களில் டிரம்ஸும் வாசிப்பாராம். 1982 செப்டம்பரில் புற்றுநோயில் இறந்துபோனார், பையனுக்கு அப்போது 10 வயது. உன் தாத்தாவும் லாரி ஓட்டியவர்தானே. வண்டியிலிருந்து இறங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்தால், தொப்பூர் கணவாயைப் பற்றி மட்டும் பேசவே மாட்டார். மற்றதெல்லாம் பேசுவார். அந்த அமெரிக்கக்காரர் பாட்டாக எழுத 20 வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். தாத்தா கடைசிவரை எழுதவும் இல்லை, பேசவும் இல்லை. உனக்கும் அவர் குணம்தான் என்று அம்மா சொல்வாள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. நீ ஒருத்தியாகப் படித்து, ஒருத்தியாகக் கடன் அடைத்து, கண்ணில் தண்ணீர் இல்லாமல் விமானம் ஏறினாய். இந்தத் தெருவில் யார் பிள்ளைக்கு அந்தத் தெம்பு இருந்தது? ஆனால் எல்லாவற்றிலும் தாத்தாவைப் போல இருக்க வேண்டியதில்லை.

பிளிங்க் 182 குழுவின் ஆடம்ஸ் சாங் பாட்டு பட்டியலில் திரும்பத் திரும்ப வருகிறது. அது ஏன் அத்தனை தடவை? நல்ல பாட்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. 1999-இல் மார்க் ஹாப்பஸ் எழுதியது. கச்சேரி கச்சேரியாகச் சுற்றிவிட்டு வீடு திரும்பினால், மற்ற இரண்டு பேருக்கும் காத்திருக்க ஆள் இருந்ததாம், இவருக்கு யாரும் இல்லையாம். உயிரோடு இருக்கவே பிடிக்காதவன் பேசுவது போல வரிகள் போகின்றன. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆனால் நான் கடைசிவரை கேட்டேன். முடிவில் பாட்டு திரும்புகிறது, பாப்பா. நாளைக்கு நன்றாக இருக்கும் என்று அதே ஆள்தான் பாடுகிறான். நீ அந்தப் பாட்டைப் போட்டால் பாதியில் நிறுத்தாதே. முழுசாகக் கேள். எழுதியவர் இன்றைக்கும் இருக்கிறார். 2021-இல் அவருக்குப் புற்றுநோய் வந்தது, குணமாகி எழுந்தார். குழுவை விட்டுப் போயிருந்த டாம் டிலாங் அதற்குப் பிறகு திரும்பி வந்து சேர்ந்துகொண்டார். முறிந்தது எல்லாம் ஒட்டும் என்று நான் சொல்லவில்லை. ஒட்டாவிட்டாலும் மனுஷன் இருக்கலாம், பாட்டுப் பாடலாம், வேலைக்குப் போகலாம், அப்பா வீட்டுக்கு வரலாம்.

இன்னொன்று. மதியம் சாப்பிட்டுவிட்டு நான் பாட்டுப் போட்டால், சில நாள் நடுவில் நின்றுபோய், வேறொரு போனில் ஓடுகிறது என்று காட்டுகிறது. அது நீதான். இங்கே மதியம் ஒரு மணி என்றால் அங்கே விடியற்காலை மூன்றரை. முதலில் ஆப்பில்தான் கோளாறு என்று நினைத்தேன். அப்புறம் உனக்கு ஷிஃப்ட் மாறியிருக்கும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே இருக்கிறது. அந்த நேரத்தில் தூங்காமல் இருந்தால் மறுநாள் வேலை எப்படி ஓடும்? காதில் மாட்டிக்கொண்டு படுக்காதே. பாலாவது காய்ச்சிக் குடித்துவிட்டு நேரத்தோடு படு.

முன்பெல்லாம் அந்தப் பட்டியலில் மாப்பிள்ளை கேட்கும் மெலடிகளும் கலந்து வரும். நீங்கள் காரில் போகும்போது அவர் போடுவார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். தைப்பொங்கலுக்கு அப்புறம் அதில் ஒன்றுகூட வரவில்லை. அவர் தனியாகக் கணக்கு எடுத்திருப்பார். அதற்கு நாலு காரணம் இருக்கும். அவர் எப்படி இருக்கிறார் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் நீ "நல்லா இருக்காரு" என்று சொல்லிவிட்டு மாங்காய் விலையைக் கேட்கிறாய். ஓசூர் விஷயத்தில்கூட நீ எங்களிடம் நேராகத்தான் சொன்னாய். அப்போது நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. இப்போதும் அதேதான் சொல்வேன்.

சிம்பிள் பிளான் குழுவின் பெர்ஃபெக்ட் பாட்டும் பட்டியலில் இருந்தது. மாண்ட்ரியல் பையன்கள், 2002-இல் முதல் ஆல்பத்தில் போட்டது. நீங்கள் நினைத்த மாதிரி என்னால் இருக்க முடியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று ஒரு மகன் தன் அப்பாவிடம் சொல்கிறான். அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. நான் உன்னிடம் எந்தக் காலத்தில் அப்படி இருக்கச் சொன்னேன்? பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் மார்க் வந்த அன்று உன்னை அணைக்குக் கூட்டிப்போய் மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தவன் நான். ஊர், சாதி சனம் என்ன பேசும் என்பதை அம்மாவும் நானும் பார்த்துக்கொள்வோம். அது உன் வேலை இல்லை. நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்கும்படி ஒன்றும் செய்திருக்க மாட்டாய்.

சம் 41 குழு கனடாவில் உன் ஊருக்குப் பக்கத்தில் அஜாக்ஸில் இருந்து வந்ததாமே? ஒரு நாள் ரயிலேறிப் போய் அந்த ஊரைப் பார்த்துவிட்டு வா, வெளியில் போனால் மனசுக்கு நல்லது. 2004-இல் அவர்கள் காங்கோ நாட்டுக்குப் போரைப் பற்றிப் படம் எடுக்கப் போய், ஓட்டலுக்கு வெளியே சண்டை மூண்டு மாட்டிக்கொண்டார்கள். ஐ.நா. ஆள் ஒருவர் அங்கிருந்த எல்லாரையும் பத்திரமாக வெளியே கொண்டுவந்து சேர்த்தார். அவர் பெயர் சக். அடுத்த ஆல்பத்துக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். மாட்டிக்கொண்டவர்கள் யாரும், எங்களை ஏன் வந்து கூட்டிப்போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன், அம்மாவுடையதையும் சேர்த்து. நாங்கள் வருவதானாலும் சரி, நீ வருவதானாலும் சரி. தனியாக வந்தாலும் வா. யாராவது கேட்டால் மாம்பழ சீசனுக்கு வந்திருக்கிறாள் என்பேன், ஒருவரும் மேலே கேட்க மாட்டார்கள். மேல் அறையைச் சுத்தம் செய்து மின்விசிறியை மாற்றியாகிவிட்டது, அது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான்.

போனில் சொல்ல வராவிட்டால் எழுது. எழுதவும் வராவிட்டால், கடைக்கு எழுதிக்கொண்டு வருவார்களே, அந்த மாதிரி பாட்டுகளை வரிசையாக எழுதி அனுப்பு. நான் புரிந்துகொள்வேன். தூக்கம் வராத அந்த மூன்றரை மணிக்குக் கூப்பிட்டாலும் சரிதான். எனக்கு அது மதியம், சும்மாதான் இருப்பேன். அம்மா அந்த நேரத்தில் தூங்குவாள், நாம் மெதுவாகப் பேசலாம்.

இப்படிக்கு,
அப்பா