கறையான் அரிக்கவில்லை

பாம்பன்,
ஜூன் 2

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நலம். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன. வலை பொத்துகிற எனக்குத்தான் ஓய்வில்லை.

மெழுகு உருக்கும்போது ஜன்னலைத் திறந்து வை. பாத்திரத்தை நேராக அடுப்பில் ஏற்றாதே, வெந்நீருக்குள் வைத்து உருக்கு. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே, மூடியைப் போட்டு மூடு. நீ சொல்லிக் கொடுத்ததையே உனக்குச் சொல்கிறேன் என்று சிரிப்பாய். சிரி. ஜன்னலைத் திறந்து வை.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பாதி வர்ணம், பாதி தையல். கடல் வர வேண்டிய இடத்தில் என் பழைய வலையை வைத்துத் தைத்திருக்கிறாய். முடிச்சு நான் போட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. டீக்கடையில் எல்லாரிடமும் காட்டினேன். இதற்கெல்லாம் விலை உண்டா என்று ஒருவன் கேட்டான். உனக்கு என்ன தெரியும் என்று சண்டைக்குப் போய்விட்டேன். நான் உன்னிடம் கேட்காத கேள்வியா அது? சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் 1966இல் குடியேறிய ஓவியர்களே, மெழுகு தொட்டுச் சாயம் ஏற்றுகிற பாத்திக் துணி விற்றுத்தான் சாப்பிட்டார்கள் என்று சொல்லி அன்று என் வாயை அடைத்தாய். சரிதான். ஆனால் அவர்கள் கூட்டமாக இருந்தார்கள். நீ தனியாக இருக்கிறாய்.

பக்கத்து வீட்டுச் சின்னவள் உன்னை விசாரித்தாள். பொங்கலுக்கு வந்தபோது ஊசியை அவளிடம் நீட்டி நூல் கோக்கச் சொன்னாயாம். "அக்கா கை ஆடியது தாத்தா" என்கிறாள். பட்டணத்து ஊசிக்குக் காது சின்னது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரவில் தைக்காதே. வேளைக்குச் சாப்பிடு. இரவில் தைக்கவே தைக்காதே.

சிவப்புத் துணியைப் பற்றி மூன்று தடவை கேட்டுவிட்டாய். அப்பத்தா மணலில் தோண்டிக் கொடுத்த சாயவேர். துணியைக் கடுக்காயில் ஊறவைத்து, படிகாரம் தொட்டுப் பூ எழுதி, வேரோடு வேகவைத்தாய். அண்டாவைத் திறந்தால் படிகாரம் பட்ட இடமெல்லாம் பூ சிவந்து கிடந்தது. அடுப்படியில் நீ குதித்த குதியில் அப்பத்தாவே பயந்துபோனாள்.

கறையான் அரிக்கவில்லை தாயி. நீ கும்பகோணத்துக்குப் படிக்கப் போன மறுமாதம் படகில் என்ஜின் பழுது. துடைக்கத் துணி கேட்டார்கள். கைக்குக் கிடைத்ததைக் கொடுத்தேன் என்று எழுதலாம், அதுவும் பொய். டிரங்குப் பெட்டியைத் திறந்து, எது என்று தெரிந்தேதான் எடுத்தேன். அவ்வளவு கோபம் எனக்கு. உன் அம்மாவுக்கும் கடைசிவரை சொல்லவில்லை.

ஒரு சாண் துண்டு மிஞ்சியது. சோப்புப் போட்டுப் பார்த்தேன், எண்ணெய்க் கறை போகவில்லை. இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

படகுகள் கடலுக்குப் போனதும் ரயிலேறி வருகிறேன். கொஞ்ச நாளாக எனக்குக் கை மரத்துப் போகிறது. அங்கே நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும். தனியாகப் போய்ப் பேச எனக்கு வராது. நீயும் கூட வந்து உட்கார்.

அப்பா