1098 எங்கே எழுதியிருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் படிக்கும் பள்ளியில், ஆபத்தில் இருக்கும் பிள்ளைகள் உதவிக்கு அழைக்கும் 1098 எண்ணைத் தலைமையாசிரியர் அறை வாசலில் எழுதியிருக்கிறார்கள். பயந்துபோன பிள்ளை அங்கே நின்று அதைக் குறித்துக்கொள்ளுமா? வகுப்பறையிலும் கழிவறைப் பக்கமும் எழுதினால்தானே பிள்ளைகள் கண்ணில் படும்!

அப்புறம், பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தும் ‘பள்ளிக்குக் கெட்ட பெயர் வரும்’ என்று மூடி மறைப்பதே 2012 போக்சோ சட்டப்படி குற்றம். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததைப் புகார் செய்யாத நிர்வாகிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது.

பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி மட்டுமே பேசி வந்திருக்கிறோம், நானும்தான். அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்கப்போகிறேன். மற்ற பெற்றோரும் கேளுங்கள்.

– ஒரு தாய், மதுரை